மல்லாட்டையிலிருந்து ‘எக்ஸ்’ வரை

ஏன்?

விழுப்புரம் மாவட்டம் வல்லம் பக்கம், ஒரு படி மல்லாட்டையின் (நிலக்கடலையின்) விலையைக் கேட்டதும் மூன்று படிக்கு எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்லும் பிள்ளை, கரும்பலகையில் ‘3எக்ஸ்’ என்று எழுதினால் விழிக்கலாம். அறிவுக் குறைவால் அல்ல. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களை ஆராய்ந்து, 2025இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சிக்கலான விலைக்கணக்கை மனக்கணக்காகப் போட்டவர்களில் பலர் பாடநூல் கணக்கில் திணறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ ஏட்டுக்கணக்கைப் போட்டுவிட்டுச் சந்தைக்கணக்கில் தடுமாறினார்கள். கற்ற இடத்தோடு அறிவு ஒட்டிக்கொள்கிறது. பொதுவானதைத் தனியே பிரித்தெடுத்தால்தான் அது கருத்தாகிறது.

எப்படி?

கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியீடாக எழுதுவது என மூன்று படிநிலைகளைச் சொன்னார் உளவியலாளர் ஜெரோம் புரூனர். மல்லாட்டையை மும்மூன்றாகக் குவிக்கட்டும், வட்டங்களாக வரையட்டும், பிறகு எண்ணால் எழுதட்டும். அடுத்து பொருளை மாற்ற வேண்டும்: படி, லிட்டர், பேருந்துக் கட்டணம். பொருள் மாறியும் மாறாமல் நிற்கும் உறவைப் பிள்ளையே கண்டு சொல்லும்போது கருத்து பிறக்கிறது.

வழக்கத்துக்கு மாறான எடுத்துக்காட்டும் தேவை. அடிப்பக்கம் கிடையாக உள்ள முக்கோணத்தையே பார்த்துப் பழகினால், சாய்ந்த முக்கோணத்தை முக்கோணமே இல்லை என்பார்கள்.

சுமார் 11, 12 வயதில் கருத்தளவிலான சிந்தனை தொடங்குவதாக உளவியலாளர் ழான் பியாஜே கருதினார். வயது மட்டும் போதாது. “ஏன் அப்படி?” என்று வகுப்பில் தினமும் கேட்க வேண்டும், பிள்ளை தன் சொல்லில் விளக்கும்வரை காத்திருக்க வேண்டும்.