குட்டி காரை அமெரிக்கர்கள் வாங்குவார்களா? ஐரோப்பிய கம்பெனிகள் திரும்பத் திரும்பத் தடுமாறுவது ஏன்?

2025 டிசம்பர் முதல் வாரம் வெள்ளை மாளிகையில் நடந்த நிகழ்ச்சியில், கார்களுக்கான எரிபொருள் சிக்கன விதிகளைத் தளர்த்தப் போவதாக அதிபர் டிரம்ப் அறிவித்தார். பேச்சோடு பேச்சாக, ஆசியப் பயணத்தில் பார்த்த ஜப்பான் குட்டி கார்களைப் பற்றியும் சொன்னார். அந்த மாதிரி கார்களை அமெரிக்காவிலேயே தயாரிக்க வழி செய்யும்படி போக்குவரத்துத் துறைச் செயலர் ஷான் டஃபியிடம் சொல்லியிருப்பதாகவும் தெரிவித்தார். அதே மாதத்தில் இத்தாலியின் ஃபியட் நிறுவனம், தன்னுடைய 'டோபோலினோ'வை அமெரிக்காவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது.

டோபோலினோ என்றால் இத்தாலிய மொழியில் சுண்டெலி. பேட்டரியில் ஓடும் இந்த வண்டியில் இரண்டு பேர் உட்காரலாம். அதிகபட்ச வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். நீளம் சுமார் 2.5 மீட்டர்தான், நம்ம ஊர் ஆட்டோவே இதைவிடக் கொஞ்சம் நீளம். அமெரிக்காவில் 40 வருஷத்துக்கும் மேலாக விற்பனையில் முதலிடத்தில் இருப்பது ஃபோர்டின் எஃப் வரிசை பிக்கப் டிரக். அதில் நான்கு கதவு வைத்த எஃப்-150 கிட்டத்தட்ட 5.9 மீட்டர் நீளம். இரண்டு டோபோலினோவை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் அதற்கு ஈடாகாது.

அப்படிப்பட்ட நாட்டில் ஐரோப்பிய குட்டி கார் ஓடுமா? சுருக்கமான பதில்: கொஞ்ச பேர் ஆசையாக வாங்குவார்கள். பெரும்பான்மை மக்கள் வாங்கும் காராக அது ஆவது ரொம்பக் கஷ்டம். காரணம் அமெரிக்கர்களின் ரசனை மட்டும் இல்லை. பெட்ரோல் வரி, அரசு விதி, கம்பெனிகளின் லாபக் கணக்கு எல்லாமே பெரிய வண்டிப் பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன.

பீட்டில் ஜெயித்தது எப்படி?

'அமெரிக்கர்களுக்குச் சின்ன கார் பிடிக்காது' என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. 1949-ல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அமெரிக்காவில் விற்றது வெறும் 2. 1968-ல் அதே கார் ஒரே வருஷத்தில் 4.2 லட்சத்துக்கு மேல் விற்றது. டெட்ராய்ட் கம்பெனிகள் வால் முளைத்த கப்பல் மாதிரி கார்களைச் செய்துகொண்டிருந்த காலத்தில், 1959-ல் பீட்டிலுக்கு ஒரு விளம்பரம் வந்தது. முழுப் பக்கம் வெள்ளை, ஒரு ஓரத்தில் பொடிசாக ஒரு கார், 'சின்னதாக யோசியுங்கள்' என்று ஒரு வரி. விளம்பரத் துறையில் இருப்பவர்கள் இன்றைக்கும் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

ஆனால் விளம்பரம் மட்டும் காரை விற்கவில்லை. கார் போகும் ஊரில் மெக்கானிக்கும் உதிரி பாகமும் இருக்க வேண்டும் என்பதில் ஃபோக்ஸ்வாகன் கறாராக இருந்தது. அதே காலத்தில் பிரான்ஸின் ரெனோ, 'டோஃபின்' என்ற குட்டி காரை இறக்கியது. 1959-ல் சுமார் 1 லட்சம் விற்று, பீட்டிலுக்கே போட்டியாக வந்தது. 845 சிசி எஞ்சின் அமெரிக்க நெடுஞ்சாலையில் திணறியது, பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பில் பாடி துருப்பிடித்தது, ஸ்பேர் கிடைக்கவில்லை. 1960-ல் விற்காத கார்கள் துறைமுகங்களில் தேங்கிக் கிடந்தன.

அதற்கு அப்புறம் ஐரோப்பாவின் மலிவு விலை கார்களுக்கு இறங்குமுகம்தான். 1970-களின் எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்கர்கள் சின்ன காரைத் தேடியபோது, ரிப்பேர் இல்லாமல் ஓடும் டொயோட்டாவும் ஹோண்டாவும் வாசலில் நின்றன. ஃபியட்டின் நான்கு ஆங்கில எழுத்தையும் விரித்து 'மறுபடியும் ரிப்பேர் பண்ணு, டோனி' என்று கிண்டலடித்தார்கள். 1983-ல் ஃபியட், 1987-ல் ரெனோ, 1991-ல் பெஜோ என்று ஒவ்வொன்றாகக் கிளம்பின. பென்சில்வேனியாவில் 1978-ல் திறந்த தொழிற்சாலையை ஃபோக்ஸ்வாகன் பத்தே வருஷத்தில் மூடியது.

ஸ்மார்ட், ஃபியட், மினி: மூன்று கதை

2000-க்குப் பிறகு மறுபடியும் முயற்சி நடந்தது. இதில்தான் விஷயம் தெளிவாகத் தெரியும்.

மெர்சிடிஸின் தாய் நிறுவனம் தயாரித்த இரண்டு சீட் 'ஸ்மார்ட் ஃபார்டூ' 2008 ஜனவரியில் அமெரிக்காவுக்கு வந்தது. அந்த வருஷம் ஜூனில் பெட்ரோல் ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர், 4 டாலரைத் தாண்டியது. ஸ்மார்ட்டுக்கு வெயிட்டிங் லிஸ்ட். முதல் வருஷம் 24,600 கார்கள் விற்றன. டிசம்பருக்குள் பெட்ரோல் 2 டாலருக்குக் கீழே இறங்கியது. 2010-ல் ஸ்மார்ட் விற்பனை 6,000-ஐக்கூடத் தொடவில்லை. 2019-ல் கடையைக் கட்டியது.

ஃபியட் 500 வந்தது 2011-ல். கிரைஸ்லர் கம்பெனியைத் தன் கைக்குள் கொண்டுவந்திருந்த செர்ஜியோ மார்கியோனே, வருஷத்துக்கு 50,000 கார் விற்கும் என்று கணக்குப் போட்டார். ஜெனிஃபர் லோபஸை வைத்து விளம்பரம், டீலர்களுக்குத் தனி ஷோரூம் என்று தடபுடல். முதல் வருஷம் விற்றது 20,000-க்கும் குறைவு. அடுத்த வருஷம் 44,000-ஐ நெருங்கி, பிறகு சரிந்துகொண்டே போனது. 2019 மாடலோடு நிறுத்தினார்கள். 2024-ல் மின்சார காராகத் திரும்பி வந்தது, ஆரம்ப விலை சுமார் 32,500 டாலர். அந்தக் காசுக்கு அங்கே குடும்பத்தோடு போகும் எஸ்யூவியே கிடைக்கும் என்றால் யார் வாங்குவார்கள்?

மினியின் கதையே வேற. பிஎம்டபிள்யூ கைக்குப் போன இந்த பிரிட்டிஷ் கார் 2002-ல் அமெரிக்காவில் இறங்கியது. முதல் வருஷமே சுமார் 24,500, உச்சமாக 2013-ல் 66,000-க்கு மேல் விற்றது. மினியை யாரும் 'மலிவு' என்றோ 'மைலேஜ்' என்றோ விற்கவில்லை. கூரைக்குக் கொடி டிசைன், கண்ணாடிக்கு ஒரு கலர், வளைவில் கோ-கார்ட் மாதிரி ஓடும் சுகம் என்று விற்றார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய வண்டி வைத்திருப்பவரும் ஆசைக்கு வாங்கக்கூடிய கார் அது.

கோல்ஃப் விஷயத்திலும் இதே கதைதான். சாதாரண கோல்ஃபை 2021 மாடலோடு அமெரிக்காவில் நிறுத்திய ஃபோக்ஸ்வாகன், வேகமாகப் போகும் ஜிடிஐ, ஆர் ரகங்களை மட்டும் விட்டுவைத்தது. சிக்கனத்துக்காக வாங்குபவர் காணாமல் போய்விட்டார், ஆசைக்கு வாங்குபவர் மட்டும் மிச்சம்.

அந்த ஆசைக்கும் ஒரு எல்லை உண்டு. 2024-ல் மினி விற்பனை 30,000-க்குக் கீழே போய்விட்டது. அதன் 'கன்ட்ரிமேன்' இப்போது 4.4 மீட்டர் நீளம். பெயரில் மட்டும்தான் மினி.

பெட்ரோல் கணக்கு

ஐரோப்பியர் சின்ன கார் வாங்குவது சந்து குறுகல் என்பதால் மட்டும் இல்லை, பாக்கெட்டும் காரணம். ஜெர்மனியில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எரிசக்தி வரி மட்டும் 65 யூரோ சென்ட், அதன்மேல் மதிப்புக் கூட்டு வரி. அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரியோ ஒரு கேலனுக்கு 18.4 சென்ட், லிட்டருக்குச் சொன்னால் 5 சென்ட்கூட வராது. 1993-லிருந்து அதை உயர்த்தவே இல்லை. மாநில வரிகளைச் சேர்த்தாலும் ஐரோப்பாவின் கிட்டே வராது. குட்டி காரால் மிச்சமாகும் பணம் கண்ணுக்குத் தெரிவதே பெட்ரோல் விலை எகிறும்போது மட்டும்தான்.

விதி யார் பக்கம்?

இது அதிகம் பேசப்படாத பகுதி. எரிபொருள் சிக்கன விதி என்றால் சின்ன காருக்குச் சாதகமாகத்தானே இருக்கும்? அப்படி இல்லை. 2010-களின் தொடக்கத்திலிருந்து, நான்கு சக்கரங்களுக்கு நடுவே உள்ள பரப்பை அளந்து மைலேஜ் இலக்கு வைக்கிறார்கள். பரப்பு பெரிதானால் இலக்கு இளகும், சிறிதானால் இறுகும். டிரக் ரகத்துக்கு இன்னும் சலுகை. அதனால் சின்ன கார் தயாரித்து நல்ல பெயர் வாங்குவதைவிட, வண்டியை அகலமாக்கி இலக்கைக் குறைத்துக்கொள்வது கம்பெனிக்கு எளிது. போதாக்குறைக்கு, இலக்கைத் தவறினால் கட்ட வேண்டிய அபராதத்தையே 2025 ஜூலையில் ஒரு சட்டம் பூஜ்யமாக்கிவிட்டது.

பாதுகாப்பு விதியும் தனி ரகம். ஐ.நா. விதிகளின்படி ஐரோப்பாவில் அனுமதி வாங்கிய காரை அப்படியே கப்பலில் ஏற்றி அமெரிக்காவில் விற்க முடியாது. சீட் பெல்ட் போடாத ஆளையும் ஏர்பேக் காப்பாற்ற வேண்டும் என்பதற்குக்கூட அங்கே சோதனை உண்டு. ஹெட்லைட், பக்கவாட்டு விளக்கு, பம்பர் என்று எல்லாவற்றையும் மாற்றிச் செய்ய வேண்டும். 50,000 டாலர் காரில் இந்தச் செலவு கரைந்துவிடும். 18,000 டாலர் காரில் லாபத்தையே தின்றுவிடும். 25 வருஷம் பழைய கார்களுக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கு. குட்டி கார் பிரியர்கள் பழைய வண்டிகளைத் தேடி இறக்குமதி செய்வது அதனால்தான்.

இதற்குமேல் இறக்குமதி வரி. ஐரோப்பிய கார்களுக்கு 2.5 சதவீதமாக இருந்தது, 2025-ல் 27.5 வரை ஏறி, ஒப்பந்தத்துக்குப் பிறகு 15-ல் நின்றது. ஐரோப்பாவில் 20,000 யூரோவுக்குக் கீழே அறிவிக்கப்பட்ட புதிய மின்சார ரெனோ ட்விங்கோ போன்ற காருக்கு, கரை இறங்கும்போதே விலையில் பெரிய ஓட்டை விழுந்துவிடும்.

கம்பெனிகளின் லாபக் கணக்கும் இப்படித்தான். காரைப் பாதியாகச் சுருக்கினால் செலவு பாதியாகாது. அதே ஏர்பேக், அதே ஸ்டியரிங், அதே கூலி. அதனால்தான் ஃபோர்டு 2018-ல் மஸ்டாங் தவிர மற்ற கார்களை வட அமெரிக்காவில் கைவிடுவதாக அறிவித்தது, ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்ட ஃபியஸ்டாவும் அதில் போனது. ஃபோர்டு அதற்குப் பதிலாக நம்பிய சின்ன எஸ்யூவி 'ஈக்கோஸ்போர்ட்' சென்னையிலிருந்துதான் அமெரிக்காவுக்குப் போனது. மறைமலை நகர் ஆலையை மூடுவதாக 2021-ல் அறிவித்த பிறகு, அதுவும் அமெரிக்க ஷோரூம்களிலிருந்து மறைந்தது.

பயமும் நியாயம்தான்

'பக்கத்தில் டிரக் வந்தால் நாம என்ன ஆவோம்?' என்று கேட்கும் அமெரிக்கரைக் கிண்டல் செய்ய முடியாது. 2009-ல் அங்குள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் ஒரு சோதனை செய்தது. ஸ்மார்ட்டை மெர்சிடிஸ் சி கிளாஸோடும், டொயோட்டா யாரிஸை கேம்ரியோடும், ஹோண்டா ஃபிட்டை அக்கார்டோடும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். மூன்று குட்டி கார்களுக்கும் 'மோசம்' என்றே மதிப்பெண். மோதியது டிரக்குகூட இல்லை, நடுத்தர கார்கள்.

ஆளாளுக்குப் பெரிய வண்டி வாங்கினால் அடிபடுவது நடந்து போகிறவர்தான். அமெரிக்காவில் 2009-ல் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் சுமார் 4,100 பேர். 2022-ல் 7,500-க்கும் மேல். இதற்கு வண்டியின் அளவு மட்டுமே காரணம் இல்லை. ஆனால் பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டிகள் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, தாழ்வான வண்டிகளைவிட சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அதே நிறுவனம் 2023-ல் கண்டறிந்தது.

வாங்குபவரின் நிலைமையும் நன்றாக இல்லை. புதிய கார் ஒன்றின் சராசரி விலை 2025 செப்டம்பரில் முதல்முறையாக 50,000 டாலரைத் தாண்டியது. புதிய கார் லோனுக்குக் கட்டும் சராசரி மாதத் தவணை 700 டாலருக்கு மேல். ஹோண்டா ஃபிட், டொயோட்டா யாரிஸ், செவ்ரோலே ஸ்பார்க், மிட்சுபிஷி மிராஜ் என்று விலை குறைந்த சின்ன கார்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டன. கையில் காசு குறைவாக இருப்பவர் இப்போது போவது பழைய கார் சந்தைக்கு. குட்டி காரின் தேவை அதிகமாகவும், அதை விற்பதற்கான காரணம் குறைவாகவும் இருப்பது இந்த இடத்தில்தான்.

டோபோலினோ எங்கே ஓடும்?

டோபோலினோ இந்தப் பள்ளத்தை நிரப்ப வரும் வண்டி இல்லை. அமெரிக்க விதிப்படி மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டிகளுக்கு 'குறைவேக வாகனம்' என்று தனிப் பிரிவு உண்டு. ஏர்பேக், மோதல் சோதனை எல்லாம் கட்டாயம் இல்லை. பதிலுக்கு, பெரும்பாலான மாநிலங்களில் வேக வரம்பு 35 மைலுக்குள் உள்ள சாலைகளில் மட்டும்தான் ஓட்டலாம். நெடுஞ்சாலைப் பக்கம் தலைவைக்க முடியாது. அப்படிப் பார்த்தால் டோபோலினோவுக்குப் போட்டி எஃப்-150 இல்லை, கோல்ஃப் கார்ட்.

அந்தச் சந்தை அங்கே சின்னது இல்லை. ஃபுளோரிடாவின் 'தி வில்லேஜஸ்' என்ற முதியோர் குடியிருப்பில் கடைக்கும் டாக்டரைப் பார்க்கவும் கோல்ஃப் கார்ட்டில்தான் போகிறார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் பீச்ட்ரீ சிட்டியில் இதற்கென்றே சுமார் 100 மைல் நீளத்துக்குத் தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். பள்ளி மாணவர்கள்கூட அதில் ஓட்டிக்கொண்டு போய், பள்ளி வளாகத்தில் வரிசையாக நிறுத்துகிறார்கள். அந்தப் பாதையில் பிக்கப் டிரக்குகளுக்கு அனுமதி இல்லை.