கொல்லிமலையில் வீட்டை விற்பதும் கட்டுவதும்

கொல்லிமலையில் ஒரு குடும்பம் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு வேறிடத்தில் புது வீடு கட்ட முடிவெடுத்தால், விலை பேசுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அந்த வீடு நிற்கும் மண் எந்த வகைப் பட்டாவில் இருக்கிறது? நாமக்கல் மாவட்டத்தில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். பக்கத்து பக்கத்து வீடுகள்கூட இங்கே வெவ்வேறு உரிமைகளின் மேல் நிற்கலாம். ஒன்று பாட்டன் காலத்து அனுபவத்திலிருந்து வந்த சொந்தப் பட்டா நிலம். இன்னொன்று அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா. மூன்றாவது வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த உரிமைப் பத்திரம்.

மூன்றையும் ஒன்றாக நினைப்பதுதான் பெரிய ஆபத்து. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிடைத்த நிலம் வாரிசுகளுக்குப் போகும். விற்கவோ வேறு வகையில் கைமாற்றவோ முடியாது. திருமணமானவர்களுக்கு அது கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே பதிவாகிறது. நிபந்தனைப் பட்டாவில் எத்தனை ஆண்டு விற்கக் கூடாது, அதன் பிறகு யாருக்கு விற்கலாம் என்பதெல்லாம் ஒப்படை ஆணையிலேயே எழுதப்பட்டிருக்கும். அதை மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். சொந்தப் பட்டா நிலம் மட்டுமே ஓரளவு தடையின்றி விற்கக்கூடியது.

ஓரளவு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின் கீழ் 10 மாநிலங்களில் பழங்குடிப் பகுதிகள் அறிவிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாடு அவற்றில் இல்லை. ஆந்திரத்தின் பட்டியல் பகுதிகளில் பழங்குடியினர் நிலம் மற்றவர் கைக்குப் போவதை 1970இல் திருத்தப்பட்ட ஒழுங்குமுறை நேரடியாகத் தடுக்கிறது. அத்தகைய விரிவான தனிச்சட்டம் இங்கே இல்லை; வருவாய்த் துறையின் நிலையாணைகளும் ஒப்படை நிபந்தனைகளும்தான் காவல். மலைக்கு விடுதி கட்ட வருபவர்கள் விலை கேட்கும்போது, நிலத்தைக் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு அந்தக் குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது. இது நியாயமான ஏற்பாடு அல்ல. ஆனால் நிலைமை அதுதான் என்று தெரிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும். ஒருமுறை வெளியாருக்குப் போன நிலத்தை அதே விலைக்குத் திரும்ப வாங்குவது அரிது.

அடுத்தது பங்காளிகள். பட்டா பெரும்பாலும் காலமான தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருக்கும். வாரிசுச் சான்று வாங்கி, பாகம் பிரித்து, உட்பிரிவு செய்து, பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிய பிறகே விற்பனை சிக்கலின்றி முடியும். பெண்களின் பங்கு இதில் முக்கியம். மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டால் ஒழிய, இந்து வாரிசுரிமைச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அதைக் காரணம் காட்டிப் பெண் மக்களுக்குப் பங்கில்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. வேறு மாநிலத்துப் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் வழக்கில், தடுக்கும் வழக்காறு இருப்பதாக நிரூபிக்கப்படாத நிலையில், பெண் வழி வாரிசுகளுக்கும் சமபங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஆகவே மலையிறங்கிக் கட்டிக்கொடுத்த அக்கா, தங்கையின் கையெழுத்தும் பத்திரத்தில் இருப்பது நியாயம். வாங்குபவருக்கும் அதுவே பாதுகாப்பு.

ஆள் கிடைத்ததும் முன்பணம் வாங்கி வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். மீதித் தொகை எந்தத் தேதிக்குள், வீட்டைக் காலி செய்வது எப்போது என்ற இரண்டும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். புது வீடு முடியும்வரை பழைய வீட்டிலேயே இருக்கப் போவதாக வாய்ப்பேச்சில் சொல்லிவிட்டு, பத்திரத்தில் அன்றே சுவாதீனம் கொடுத்துவிட்டதாக எழுதினால் பத்திரத்தில் இருப்பதுதான் செல்லும்.

மலைக்குரிய இன்னொரு விஷயம் மரங்கள். நிலத்தை விற்றால், வேறுவிதமாக எழுதாதவரை, மண்ணில் வேரூன்றிய அனைத்தும் அதனுடன் போய்விடும். பலா மரமும், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடியும், காப்பிச் செடியும் வாங்குபவருக்கே. வீட்டின் வாசக்காலும் கதவும் அப்படித்தான். காயும் மிளகை அறுத்துக்கொள்ள வேண்டும், பழைய வாசக்காலைப் பெயர்த்துப் புது வீட்டில் வைக்க வேண்டும், குலசாமிக் கல்லை எடுத்துப் போக வேண்டும் என்றால் கிரயப் பத்திரத்திலேயே விலக்கி எழுத வேண்டும்.

வீட்டை விற்ற லாபத்துக்கு வருமான வரி உண்டு. வடகிழக்கு மாநிலங்கள் போன்ற சில பகுதிகளின் பழங்குடியினருக்கு இருக்கும் வரிவிலக்கு தமிழ்நாட்டு மலைவாசிகளுக்கு இல்லை. ஆனால் 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று, அந்த லாபத்தைக் கொண்டு 3 ஆண்டுக்குள் வேறு வீடு கட்டினால் விலக்குக் கோரலாம். வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவாகாத தொகையை வங்கியில் அதற்கென உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும்.

புது மனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய்க்குள் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அங்கீகாரமற்ற மனையாக இருந்தால் பதிவிலேயே தடை வரும். 1990இல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அந்த வருவாய்க் கிராமம் இருக்கிறதா, மரம் வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதி தேவையா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு முன்பணம் கொடுப்பது நல்லது.

கட்டும் செலவைத் தீர்மானிப்பது சாலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் மணல், செங்கல், கம்பி, சிமெண்ட் எல்லாம் வர வேண்டும். வண்டி வாடகையே தனிக் கணக்கு. கீழ்நாட்டில் போட்ட மதிப்பீட்டை அப்படியே நம்பித் தொடங்கும் வீடுகள் தளம் போடும் முன் நின்றுபோகும். கூடுதலாகக் கவனிக்க வேண்டியது சரிவு. சரிவை வெட்டிச் சமன் செய்யும்போது வீட்டின் ஒரு பாதி வெட்டிய கெட்டி மண்ணிலும், மறு பாதி அந்த மண்ணையே கொட்டி நிரப்பிய தரையிலும் அமைந்துவிடுகிறது. முதல் பெருமழையில் நிரப்பிய பக்கம் இறங்கும். சுவர் குறுக்கே விரியும். அடித்தளம் முழுவதும் இயற்கையான கெட்டி மண்ணைத் தொடும்வரை தோண்டியாக வேண்டும். மேல்சரிவில் கருங்கல் தாங்குசுவர், அதில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள், சுவருக்கு மேலே மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பும் வாய்க்கால் ஆகியவற்றுக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்க வேண்டும்.

தை மாதம் கடைக்கால் தோண்டி, ஆடிக் காற்றுக்கு முன் தளம் போட்டுவிடும்படி வேலையைத் திட்டமிடலாம். பனிமூட்டத்தில் சிமெண்ட் ஈரம் இழுக்கும். மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் அடுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகவே ஏற்றி வருவது மேல். மூங்கில் பிளாச்சில் மண் பூசி, புல் வேய்ந்த பழைய வீடுகள் மார்கழிக் குளிரை நன்றாகத் தாங்கின. தகரக் கூரை அதைத் தாங்காது.

குடிசையில் இருப்பவர்களுக்கு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. அதற்குச் சொந்த மனையும் பட்டாவும் வேண்டும். இருக்கும் மனையை முதலில் விற்றுவிட்டு, புது மனைக்குப் பட்டா மாறும் முன் விண்ணப்பித்தால் தகுதி போய்விடும். எனவே புது மனையின் பட்டா கைக்கு வந்த பிறகே பழைய வீட்டின் கிரயத்துக்கு நாள் குறிக்க வேண்டும். பால் காய்ச்சிக் குடிபோனதும் ஊராட்சியில் வீட்டுவரி, மின் இணைப்பு, குடும்ப அட்டை முகவரி மூன்றையும் மாற்றிக்கொண்டால் வேலை முடிந்தது.