புகைபோக்கிகளுக்கு நடுவே ஒரு கூழைக்கடா!

பறவை பார்க்க வேடந்தாங்கலுக்குத்தான் போக வேண்டுமா? கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வாங்க. தண்ணீர் வற்றினால் சேற்றில் புழு, நண்டு, இறால் தென்படும். கொக்கு, நாரை, உள்ளான் எல்லாம் இறங்குவது அதற்காகத்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் வந்து சேர்ந்தது. கூழைக்கடாக்களின் இறகில் கறுப்பாக அப்பிக்கொண்டது. எண்ணெய் பட்ட இறகு தண்ணீரைத் தடுக்காது. பறவை நனைந்து நடுங்கும். அலகால் கோதினால் நஞ்சு வயிற்றுக்குள் போகும். அதே சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் பிழைப்பும் அன்று நின்றுபோனது.

வலசைப் பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீசன். விடியற்காலையில், ஒரு பைனாகுலரோடு போங்கள். பறவை இறங்கினால் சேற்றில் இரை இருக்கிறது என்று அர்த்தம். இரை இருந்தால்தான் மீனவர் வலையிலும் ஏதாவது விழும்!