பீப் சத்தமும் மஞ்சள் விளக்கும்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1990-களின் பிற்பகுதியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்களுக்குக் காதுதான் முதல் கருவி. மதர்போர்டு, ப்ராசசர், ராம், எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றையும் மேசைமேல் இணைத்து ஆன் செய்வார்கள். குட்டியாக ஒரு பீப் கேட்டால் நிம்மதி. நீளமான பீப் விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டே இருந்தால், அவார்டு பயாஸ் உள்ள போர்டில் அது ராம் கோளாறு. ஏஎம்ஐ பயாஸ் என்றால் மூன்று குறும்பீப்; முதல் 64 கேபி நினைவகத்திலேயே பிழை என்று அர்த்தம். திரை எழுந்துவிட்டால் ராம் எவ்வளவு என்று எண்கள் கண்ணெதிரே ஓடும். போட்ட அளவுக்கு ஓடி நின்றால்தான் கேபினெட்டை மூடுவார்கள்.

இன்று பல போர்டுகளோடு அந்தக் குட்டி ஸ்பீக்கர் வருவதே இல்லை. ஆன் செய்ததும் ஃபேன்கள் சுற்றும், கேபினெட்டில் வண்ண விளக்குகள் எரியும், திரை மட்டும் இருட்டாகவே இருக்கும். போர்டின் ஓரத்தில் ‘டிராம்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் அணையாமல் நிற்கும். புது மெஷினை முதன்முதலாகப் பூட்டிய கல்லூரி மாணவரைக் கலங்க வைக்கும் விளக்கு அது.

ராமில் இருந்த கோளாறு

அந்த நாட்களில் ராம் மக்கர் செய்தால் காரணம் பெரும்பாலும் ராமிலோ அது உட்காரும் ஸ்லாட்டிலோ இருக்கும். 486 காலத்து 30 பின் சிம் அட்டை ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் 8 பிட்தான் தரும். ப்ராசசருக்கோ 32 பிட் வேண்டும். ஆகவே நான்கு அட்டைகளைச் சேர்த்தே போட வேண்டும். ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் மெஷின் எழாது. பென்டியம் வந்தபோது 72 பின் அட்டைகள் இரண்டிரண்டாகப் போயின. சாய்த்துச் செருகி நிமிர்த்தும்போது பிளாஸ்டிக் கொக்கி உடைந்தால் அந்த ஸ்லாட் போனதுதான். 168 பின் எஸ்டிராம் டிம் வந்த பிறகே ஒற்றை அட்டை போதும் என்றானது.

வைத்தியமும் எளிது. ராமைக் கழற்றி, அடிவிளிம்பில் உள்ள தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, மறுபடி அழுத்திச் செருகுவார்கள். கடலோர ஊரின் ஈரக்காற்றில் படிந்த படலம் போனதும் பல மெஷின்கள் உயிர்பெற்றன. அப்படியும் எழாவிட்டால் பக்கத்துக் கடையில் ஒரு ராமை இரவல் வாங்கி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். கோளாறு எதில் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இடம் மாறிய கோளாறு

இன்றும் பலர் முதலில் ரப்பரைத்தான் தேடுகிறார்கள். ஆனால் நேற்று பெட்டி பிரித்த புது ராமில் தேய்ப்பதற்கு என்ன இருக்கிறது? கோளாறு இருக்கும் இடமே மாறிவிட்டது.

முன்பு ராமை ஆண்ட மெமரி கன்ட்ரோலர் மதர்போர்டில் தனிச் சிப்பாக இருந்தது. 2003-ல் ஏஎம்டி தன் அத்லான் 64 வரிசையில் அதை ப்ராசசருக்குள் கொண்டுபோனது. 2008-ல் இன்டெலும் கோர் ஐ7-ல் அதையே செய்தது. அதனால் ராமுக்கான இணைப்பு இன்று ப்ராசசர் உட்காரும் எல்ஜிஏ சாக்கெட் வழியாகவே போகிறது. அதன் மயிரிழை போன்ற பின்களில் ஒன்று வளைந்தாலும் போட்ட ராமில் பாதி காணாமல் போகலாம். கூலரை ஒரு பக்கம் மட்டும் இறுக்கி முடுக்கினாலும் அப்படி ஆகலாம். ராமை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது.

இரண்டாவது காரணம் வேகம். பிசி100 எஸ்டிராம் ஓர் இணைப்பில் நொடிக்கு 10 கோடி முறை தரவு அனுப்பியது. டிடிஆர்5-6000 ராம் 600 கோடி முறை அனுப்புகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒளியே 5 சென்டிமீட்டர்தான் கடக்கும். அதனால் முதல்முறை ஆன் செய்யும்போது ப்ராசசர் ஒவ்வோர் இணைப்பிலும் சோதனைச் சமிக்ஞை அனுப்பி, எந்தக் கணத்தில் படித்தால் பிழை வராது என்று தேடுகிறது. மெமரி டிரெய்னிங் என்று இதைச் சொல்கிறார்கள். 2022-ல் வந்த ஏஎம்5 போர்டுகளில் இது முடியப் பல நிமிடங்கள் ஆகலாம். இருட்டுத் திரையையும் மஞ்சள் விளக்கையும் பார்த்துப் பயந்து நடுவில் ஆஃப் செய்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். புது மெஷினுக்குத் தேவையான முதல் வைத்தியம் கால் மணி நேரப் பொறுமை. கரன்ட் அடிக்கடி போகும் ஊரில் யுபிஎஸ்சோடு ஆன் செய்வது இன்னும் நல்லது.

இன்று செய்ய வேண்டியவை

கால் மணி நேரம் கழித்தும் எழாவிட்டால் கரன்ட்டை அடியோடு துண்டித்துவிட்டு, ராமைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். பல போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே கொக்கி உண்டு. மறுமுனை தூக்கி நிற்பது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு ராம்தான் என்றால் நான்கு ஸ்லாட் போர்டுகளில் வழக்கமாக ப்ராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும் அவற்றின் இடம். அதன் பிறகு ஒரே ஒரு ராமைப் போட்டு ஆன் செய்யுங்கள். அடுத்து மற்றதை அதே ஸ்லாட்டில் போடுங்கள். கோளாறு ராமோடு நகர்ந்தால் குற்றம் ராமுடையது. எந்த ராமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் வந்தால் போர்டையும் சாக்கெட் பின்களையும் பார்க்க வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர்கள் கற்றுத் தந்த மாற்றிப் போடும் முறை இன்றும் பொய்க்கவில்லை.

மெஷின் எழுந்த பிறகு வரும் சிக்கல்கள் பெரும்பாலும் வேகத்தால் வருபவை. பெட்டியில் 6000 என்று அச்சிட்ட ராமும் வழக்கமாக 4800-ல்தான் எழும்; பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் 6000-க்குப் போகும். ரைசன் 7000 ப்ராசசருக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகமோ இரண்டு ராமுக்கு 5200, நான்கு போட்டால் 3600. ஆகவே 64 ஜிபி வேண்டுமென்றால் நான்கு 16-ஐவிட இரண்டு 32 நல்லது. அதையும் ஒரே பெட்டியில் ஜோடியாக வந்ததாக வாங்குங்கள். எக்ஸ்போவை நிறுத்தியதும் சிக்கல் மறைந்தால் பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் வேகத்தை ஒருபடி குறையுங்கள். 6000-க்கும் 5600-க்கும் உள்ள வித்தியாசம் அன்றாட வேலையில் உறைக்காது. ராம் கெட்டுவிட்டது என்று அவசரமாக முடிவு கட்ட வேண்டியதில்லை.

சொல்லாமல் நடக்கும் பிழை

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது எழாத மெஷின் அல்ல, எழுந்து வேலை செய்துகொண்டே தவறு செய்யும் மெஷின். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் எட்டு பிட்டுக்கு ஒன்பதாவதாக ஒரு பாரிட்டி பிட் காவல் இருந்தது. பிழை கண்டால் செய்தி காட்டி மெஷினையே நிறுத்திவிடும். விலையைக் குறைக்க 1990-களில் அந்தக் காவல் சாதாரணக் கம்ப்யூட்டர்களிலிருந்து நீக்கப்பட்டது. டிடிஆர்5 சிப்புகள் தமக்குள்ளே நேரும் சிறு பிழைகளைத் திருத்திக்கொள்கின்றன. ஆனால் ராமுக்கும் ப்ராசசருக்கும் இடையிலான பாதைக்கு அதில் காவல் இல்லை. கூகுள் சர்வர்களை இரண்டரை ஆண்டு கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேலான ராம் அட்டைகள் பிழை காட்டியிருந்தன. அவை பிழை திருத்தும் ராம் என்பதால்தான் பிழை வெளியே தெரிந்தது.

நம் வீட்டு மெஷினில் அது வேறு முகங்களில் வரும். விண்டோஸ் பாதியில் நிற்கும். நீலத்திரை ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொல்லும். ஜிப் கோப்பு பிரியாது. அல்லது ஒன்றுமே தெரியாமல், காப்பி செய்த கல்யாண வீடியோவிலோ ஆய்வேட்டிலோ சில பிட்டுகள் மாறிப்போயிருக்கும்; மாதங்கள் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கும் கருவி பழையது, இலவசமானது. 1994-ல் பிறந்த மெம்டெஸ்ட்86-உம் அதிலிருந்து கிளைத்த மெம்டெஸ்ட்86+-உம் பென்டிரைவிலிருந்தே ஓடும். விண்டோஸ் ஏற்றுவதற்கு முன்பே ஓட விடுங்கள். எக்ஸ்போவை இயக்கினால் மறுபடியும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பில் மெஷினை நம்பக் கூடாது.

அசெம்பிள் செய்து தரும் கடைகளிடம் என் வேண்டுகோள் இதுதான்: ஓரிரவு ராம் சோதனை முடித்து, முடிவுத் திரையைப் படமெடுத்து, பில்லோடு சேர்த்துக் கொடுங்கள். பல மாதச் சேமிப்பைக் கொட்டி வாங்குகிறவர்கள் தயங்காமல் அதைக் கேட்டு வாங்குங்கள். அன்று கோளாறு தானே கத்திச் சொன்னதால் ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. இன்று அது பேசாது. நாம்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும், அதற்கு ஓரிரவு ஆகும்.