ஆயிரம் ரூபாய் ஊருக்குள் எத்தனை கை மாறும்?

தமிழகத்தில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. கணக்கில் ஏறும் பணம் பால்காரருக்கும் காய்கறிக் கடைக்கும் தையல்காரருக்கும் போகிறது. அவர்களும் அதைச் செலவழிக்கிறார்கள். ஒருவர் செலவு இன்னொருவர் வரவு. இந்தத் தொடர் விளைவைப் பொருளியலாளர்கள் 'பெருக்கி' என்கிறார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் கான் 1931இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1936இல் பொருளியலாளர் கெயின்ஸ் இதைத் தன் கோட்பாட்டின் மையத்தில் வைத்தார்.

கணக்கு எளிது

ஊரில் செலவாகும் 1,000 ரூபாயைப் பெறுபவர்கள், அதில் 600 ரூபாயை உள்ளூரிலேயே செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். அடுத்த சுற்றில் 360, பிறகு 216. எல்லாச் சுற்றுகளையும் கூட்டினால் 2,500 ரூபாய். ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே ஊரில் தங்கினால், மொத்தம் 1,250 ரூபாயோடு முடிந்துவிடும்.

பணம் எங்கே வெளியேறுகிறது?

சோப்பு, பிஸ்கட் பாக்கெட் வாங்கினால் கடைக்காரரின் லாபம் மட்டுமே ஊரில் தங்கும். மீதி தொழிற்சாலைக்குப் போய்விடும். செல்போன் ரீசார்ஜும் தவணை வட்டியும் அப்படியே. உள்ளூர்ப் பால், கீரை, கொத்தனார் கூலி ஆகியவற்றுக்குத் தரும் பணத்தில் பெரும்பங்கு ஊருக்குள்ளேயே சுற்றும். யார் கையில் சேருகிறது என்பதும் முக்கியம். வசதி உள்ளவர் கூடுதல் பணத்தைச் சேமிப்பார். தேவை நெருக்கும் குடும்பம் உடனே செலவழிக்கும்.

கென்யா காட்டிய சான்று

கென்யாவின் சியாயா வட்டாரத்தில் 653 கிராமங்களில் நடந்த ஆய்வில், 10,500க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் வழங்கப்பட்டது. பணம் பெறாத குடும்பங்களின் செலவும் உயர்ந்தது. கடைகளின் வருமானம் கூடியது. பெருக்கி ஏறத்தாழ இரண்டரை மடங்கு. விலைவாசி உயர்வோ மிகச் சொற்பம். கூட்டம் குறைந்த கடைகளும் முழுநேரம் ஓடாத மாவு மில்களும் புதிய வாடிக்கையாளர்களை எளிதில் சமாளித்தன. ஏற்கெனவே முழுவீச்சில் உற்பத்தி நடக்கும் இடத்தில் இப்படி நடக்காது. பணம் கூடினால் விலைதான் ஏறும்.

செய்ய வேண்டியது

ஆகவே பணம் கொடுப்பது பாதி வேலைதான். அது தங்குவதற்கு உள்ளூரில் உற்பத்தி வேண்டும். 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் கேழ்வரகு வழங்கத் தொடங்கியபோது, தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடமிருந்தும் அரசு அதைக் கொள்முதல் செய்தது. ரேஷனுக்குச் செலவிட்ட பணத்தில் ஒரு பகுதி அந்த வட்டார உழவர்களின் வருமானமானது. பள்ளிச் சத்துணவு, விடுதிச் சாப்பாடு, அரசு மருத்துவமனைக் கொள்முதல் அனைத்திலும் இந்த வழி விரிவடைய வேண்டும். ஒரு திட்டத்துக்கு எத்தனை கோடி ஒதுக்கினார்கள் என்று கேட்கும் நாம், அதில் எவ்வளவு நம் ஊரில் தங்கியது என்றும் கேட்க வேண்டும்.