ஸ்கிரிப்ட் யார் பெயரில் ஓடுகிறது?

வேப்பம்பட்டிலுள்ள லேத் பட்டறையின் தளமும் கும்மிடிப்பூண்டியிலுள்ள லாரி ஆபீஸின் தளமும் ஒரே சர்வரில் ஒண்டுக்குடித்தனம் இருக்கலாம். குறைந்த வாடகை ஹோஸ்டிங் என்றால் அப்படித்தான். அந்தக் குடித்தனத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி இருந்துவிடக் கூடாது.

80ஆம் போர்ட்டைத் திறக்க, அப்பாச்சி என்னும் வெப் சர்வர் ரூட் எனப்படும் முழு அதிகாரத்தோடு தொடங்கும். பிறகு பக்கங்களைப் பரிமாறும் வேலையை அதிகாரம் குறைந்த ஒரு கணக்கிடம் விட்டுவிடும். எல்லாத் தளங்களின் ஸ்கிரிப்டுகளும் அந்த ஒரே கணக்கில் ஓடினால்தான் ஆபத்து. லாரி ஆபீஸ் தளத்தின் பழைய பிளகின் வழியே நுழைந்தவன், பட்டறையின் கான்ஃபிக் கோப்பிலுள்ள டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் படித்துவிடுவான்.

இதைத் தடுக்க அப்பாச்சி 1.2 பதிப்போடு 1997இல் வந்த சிறு நிரல் சூஎக்ஸெக். சர்வர் தனி நிரலாக இயக்கும் சிஜிஐ ஸ்கிரிப்டை அதன் உரிமையாளரின் கணக்கிலேயே ஓட்டுவது இதன் வேலை. இப்படிக் கணக்கு மாற ரூட் அதிகாரம் வேண்டும். யூனிக்ஸுக்காக டென்னிஸ் ரிச்சி கண்டுபிடித்த செட்யூஐடி வசதியால் அது கிடைக்கிறது. சூஎக்ஸெக்கில் ஓர் ஓட்டை விழுந்தால் சர்வரே பறிபோகும் என்பதால், அது எவரையும் நம்பாதபடி எழுதப்பட்டிருக்கிறது. கூப்பிடுவது அப்பாச்சியின் கணக்குதானா, மாறவேண்டிய கணக்கு ரூட்டாக இல்லையே, ஸ்கிரிப்டும் ஃபோல்டரும் பிறர் எழுத முடியாதபடி இருக்கின்றனவா என்று சுமார் 20 சோதனைகள். ஒன்று தவறினாலும் ஓட்டாது. இந்த வரிசையில் வியக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு: முதலில் ரூட் அதிகாரத்தைக் கைவிட்டு உரிமையாளராக மாறிக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் அவருடைய ஃபோல்டருக்குள் காலெடுத்து வைக்கும். ரூட்டாக இருக்கும்வரை பயனரின் கோப்பைத் தொடுவதே இல்லை.

சோதனை தவறினால் பார்ப்பவருக்கு 500 என்ற பிழை மட்டுமே தெரியும். காரணம் சூஎக்ஸெக்கின் லாக் கோப்பில் இருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் ஃபோல்டருக்கு 777 போட்டுவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதே 777. சூஎக்ஸெக் மறுப்பது அதைத்தான். அடுத்தவர் தளத்தைக் காசுக்குச் செய்துகொடுப்பவர் இப்படி விட்டுப்போவது பெரும் பொறுப்பின்மை. ஸ்கிரிப்டுக்கு, உரிமையாளர் மட்டுமே எழுதக்கூடிய 755 போதும். ஸ்கிரிப்ட் உரிமையாளரின் பெயரிலேயே ஓடுவதால், பாஸ்வேர்டு உள்ள கோப்புக்கு 600 கொடுத்துப் பிறர் கண்ணில் படாமல் பூட்டிவிடலாம்.

பிஎச்பி தளங்களுக்கு இன்று அதே வேலையைச் செய்வது, 2010இல் பிஎச்பி 5.3.3 பதிப்பில் சேர்ந்த எஃப்பிஎம். தளத்துக்கு ஒரு பூல் (ஸ்கிரிப்டுகளை ஓட்டும் புராசஸ்களின் தொகுப்பு), பூலுக்கு ஒரு கணக்கு என்று அதில் அமைக்கவேண்டும். எல்லாத் தளங்களையும் ஒரே பூலில் போட்டால் பழைய ஆபத்து திரும்பிவிடும். ஒரு தளத்தின் சொந்த ஓட்டையைச் சூஎக்ஸெக், எஃப்பிஎம் இரண்டுமே அடைக்காது. பிளகினைப் புதுப்பிக்காதவர் கணக்கில் நுழைந்தவன் அந்தக் கணக்கில் இருப்பது முழுவதையும் எடுத்துக்கொள்வான்; பக்கத்துக் கணக்கில் 600 போட்டுப் பூட்டிய கோப்புகளைத் தொட அனுமதி இருக்காது.