குளிர்காலத்தில் வீட்டுக்கோழிகளின் பாதுகாப்பு

கழக்கூட்டம், திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே, அரபிக் கடலுக்கு அண்மையில் உள்ள ஊராகும். அங்கே மார்கழி, தை மாதங்களிலும் இரவு வெப்பநிலை 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்குவது அரிது. கொல்லைப்புறத்தில் நான்கைந்து கோழிகள் வளர்க்கும் குடும்பத்தாருக்கு அவ்வூரில் வெயிலும் மழையுமே கவலை தருவன. அதே மாதங்களில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில், விடியற்காலையில் புல்வெளிகள் மீது உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் லே நகரிலோ, இரவு வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி வரையிலும் இறங்குவதுண்டு. இம்மூன்று இடங்களிலும் மனிதன் வளர்ப்பது ஒரே இனப் பறவையைத்தான்.

மலைப்பகுதியில் வாழும் ஓர் எளிய குடும்பத்திற்கு ஐந்தாறு கோழிகள் சிறு செல்வமாகும். அவை இடும் முட்டை குழந்தைகளுக்கு உணவு. அவசரத்திற்கு விற்றால் பணம். குளிருக்கு அஞ்சி அக்கோழிகளைக் காப்பாற்றச் செய்யப்படும் ஏற்பாடுகளே சிற்சமயம் அவற்றுக்குத் தீங்காய் முடிகின்றன. அது எவ்வாறு என்பதைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

கோழியின் உடலும் அதன் போர்வையும்

வளர்ந்த கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 முதல் 42 டிகிரி வரையாகும். இது மனிதனின் உடல் வெப்பநிலையினும் அதிகம். உண்ணும் தீனியே இவ்வெப்பத்திற்கு எரிபொருள். உண்டான வெப்பம் வீணே வெளியேறாதவாறு காப்பது இறகுத்தொகுதி. மேலிறகுகள் ஓட்டுக்கூரை போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து காற்றையும் நீரையும் தடுக்கின்றன. அவற்றின் அடியிலுள்ள மென்தூவிகள் அசைவற்ற காற்றைச் சிறைப்படுத்தி வைக்கின்றன. வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவது இறகினும் அதனிடையே தங்கிய இக்காற்றே ஆகும். குளிர்ந்த காலையில் கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாய் நிற்பது, இக்காற்றடுக்கின் கனத்தைப் பெருக்குவதற்கேயாம்.

வளர்ந்த கோழிக்கு 18 முதல் 24 டிகிரி வரையுள்ள வெப்பநிலை மிகவும் உகந்தது. அதற்குக் கீழே இறங்கினால் அது தீனியை அதிகமாக உண்டு ஈடுசெய்து கொள்ளும். இறகு உலர்ந்தும் வயிறு நிறைந்தும் இருக்குமாயின், உதகையின் உறைபனி இரவைத் தாங்கும் வலிமை வளர்ந்த கோழிக்கு இயற்கையாகவே உண்டு.

மொட்டைக்கழுத்துக் கோழி

இறகின் பயனை விளக்குவதற்கு ஏற்ற சான்று திருவனந்தபுரம் வட்டாரத்திலேயே இருக்கின்றது. கழுத்தில் இறகற்ற மொட்டைக்கழுத்துக் கோழி அப்பகுதியில் காணப்படுகின்றது. இதற்குக் காரணமான மரபுப் பண்பு கழுத்தில் மட்டுமன்றி, உடல் முழுவதிலும் இறகின் அளவைக் குறைத்துவிடுகின்றது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இப்பண்பைப் பெற்ற பறவையின் கழுத்து முற்றிலும் வெறுமையாய் இருக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற பறவையின் முன்கழுத்தில் சிறு இறகுக் கொத்து ஒன்று தங்கியிருக்கும். மரபியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. ஆதலால் வெப்பமும் ஈரப்பதமும் மிக்க கடற்கரையில், இறகு குறைந்திருத்தல் ஒரு நன்மையே. இந்நன்மையைக் கருதியே, உத்தரப் பிரதேசத்திலுள்ள இஜத்நகர் மத்தியப் பறவையியல் ஆராய்ச்சி நிலையத்தார் மொட்டைக்கழுத்துப் பண்புடைய 'ஹிட்காரி' என்னும் கலப்பினக் கோழியை உருவாக்கினர். ஆனால் கழக்கூட்டத்தில் நன்மை தரும் அதே பண்பு, உதகையில் குறையாகிவிடும். ஆகவே மலைப்பகுதிக்குக் கோழிகளைத் தெரிவு செய்கையில் நிறைந்த இறகுடையனவற்றையே கொள்ளல் வேண்டும். கொண்டையும் சிறிதாக இருத்தல் நலம். அசீல் கோழியின் கொண்டை தலையோடு ஒட்டிச் சிறுத்திருக்கும். வெள்ளை லெகார்ன் கோழியின் கொண்டையோ பெரிதாக இருக்கும். லே போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளில் இத்தகைய பெரிய கொண்டை உறைந்து நுனி கறுத்து அழுகக் கூடும்.

ஈரமே முதற்பகை

ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 முதல் 120 கிராம் தீனியும், அதைப் போல் இரு மடங்கு நீரும் கொள்ளும். பத்துக் கோழிகள் உள்ள கொட்டிலில் நாள்தோறும் 2 லிட்டருக்கு மேற்பட்ட நீர் கோழிகளின் உடலுட் செல்கின்றது. அதன் பெரும்பகுதி எச்சத்தோடும் மூச்சோடும் மீண்டும் வெளிப்படுகின்றது.

குளிருக்கு அஞ்சிக் கதவையடைத்து, இடுக்குகளிலெல்லாம் சாக்கைத் திணித்துவிட்டால் இவ்வீரம் போக வழியின்றிக் கூரையின் அடியில் நீர்த்துளியாகப் படியும். பின்னர்க் கோழிகளின் மீதே சொட்டும். நனைந்த தூவியில் காற்று தங்காது. போர்வை போர்வையாக இராது. தரையில் பரப்பிய கூளம் நனைந்து, எச்சம் அழுகி, அம்மோனியா வாயு எழும். அது கண்களை உறுத்தி மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். அதனால் சளி நோய்கள் எளிதில் பற்றும். ஈரக்கூளத்தில் இரத்தக் கழிச்சலை விளைக்கும் நுண்ணுயிர்களும் பெருகும். இந்நிலையில் கோழிகள் இறப்பின், 'குளிரால் இறந்தன' என்றே வளர்ப்போர் கருதுவர். உண்மையில் அவற்றைக் கொன்றது குளிரன்று, அடைபட்ட ஈரமாகும்.

காலையில் கொட்டிலைத் திறந்தவுடன், களப்பணியாளர் தரையளவில் குனிந்து முகர்ந்து பார்த்தல் வேண்டும். மூக்கை உறுத்தும் நெடி இருப்பின் காற்றோட்டம் போதவில்லை என்பது தெளிவு. கூளத்தை ஒரு பிடி எடுத்துப் பிசைந்தால் அது உதிர்தல் வேண்டும். கட்டியாக நின்றால் அதனை அகற்றி, உலர்ந்த கூளத்தைப் பரப்புதல் வேண்டும்.

கொட்டில் அமைக்கும் முறை

காற்றோட்டம் வேறு, கோழியின் மேல் நேரே வீசும் குளிர்காற்று வேறு. முன்னது வேண்டும், பின்னது ஆகாது. ஆகவே தரையிலிருந்து, பரணில் அமரும் கோழியின் தலை உயரம் வரையில் சுவரில் இடுக்கு இருத்தல் கூடாது. அதற்கு மேலே, கூரையின் இறவாரத்தை ஒட்டி, இரு பக்கங்களிலும் கம்பிவலை பொருத்திய திறப்புகள் இருத்தல் வேண்டும். சூடான ஈரக்காற்று மேலெழும் இயல்புடையதாதலின், கோழிகளைத் தீண்டாமலே அது வெளியேறிவிடும்.

தெளிந்த, காற்றடங்கிய இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நீலகிரியில் பள்ளத்தாக்குகளின் அடிப்பகுதியில் உறைபனி மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம். ஆதலின் கொட்டிலைப் பள்ளத்தில் அமைக்காமல் சரிவின் நடுப்பகுதியில் அமைத்தல் நன்று. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் முகப்பு தெற்கு நோக்கியிருப்பின் வெயில் உட்புகும். லடாக்கில் வீடுகளுக்கும் பசுமைக்குடில்களுக்கும் தெற்கு முகத்தில் கண்ணாடியோ பாலிதீன் தாளோ பொருத்தி, பகல் வெப்பத்தைத் தடித்த மண்சுவரில் தேக்கிக்கொள்ளும் முறை வழக்கில் உள்ளது. கோழிக்கொட்டிலுக்கும் இம்முறை பொருந்தும்.

தரையில் உலர்ந்த உமி, மரச்சீவல், நறுக்கிய வைக்கோல் ஆகியவற்றுள் ஒன்றை 10 முதல் 15 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பி, நாள்தோறும் கிளறிவிடல் வேண்டும். பூசணம் பிடித்த கூளம் அறவே ஆகாது. அமரும் பரண் மரத்தாலாயதாகவும், ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டையான சட்டமாகவும் இருப்பின், கோழி தன் கால்விரல்களை மார்பிறகால் மூடிக்கொள்ளும். இரும்புக் குழாய் கால்களின் வெப்பத்தை ஈர்த்துவிடும்.

மூடிய கொட்டிலில் கரியடுப்பு வைத்தல் பெருந்தீங்கு. கரி புகையும்போது எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது கோழிகளை உறக்கத்திலேயே கொன்றுவிடும். வீட்டையொட்டிய கொட்டிலாயின் மனிதருக்கும் ஆபத்து. கூளத்தில் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

தீனி, நீர், ஒளி

குளிர்காலத்தில் தீனியின் அளவைக் குறைத்தல் கூடாது. மாலையில் கொட்டிலில் அடையுமுன் ஒரு பிடி மக்காச்சோளமோ வேறு முழுத்தானியமோ கொடுத்தால், இரவில் அது செரிக்கும்போது உடலுக்கு வெப்பம் கிடைக்கும். காலையில் வெதுவெதுப்பான நீர் வைத்தல் நன்று. நீர் அருந்தாத கோழி தீனியும் உண்ணாது.

முட்டையிடுதல் குறைவதற்குக் குளிர் மட்டுமே காரணமன்று. கோழி நன்கு முட்டையிட நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர ஒளி வேண்டும். மார்கழியில் உதகையில் பகற்பொழுது ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரமே. லேயில் பத்து மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவு. விடியலுக்கு முன் ஒரு சிறு மின்விளக்கை ஏற்றிவைத்தால் இக்குறை நீங்கும்.

குஞ்சுகளுக்கு இவ்விதிகள் போதா. இறகு முளைக்கும் வரையில் அவற்றுக்குப் போதிய போர்வை இல்லை. முதல் வாரத்தில் 35 டிகிரி வெப்பம் தந்து, பின்னர் வாரந்தோறும் ஏறத்தாழ 3 டிகிரி குறைத்து வருதல் வேண்டும். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கிடந்தால் வெப்பம் போதவில்லை; ஓரங்களுக்கு ஒதுங்கினால் வெப்பம் மிகை; பரவலாகத் திரிந்தால் அளவு சரி என அறியலாம்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

ஒரே அளவான மூன்று புட்டிகளில் ஒரே வெப்பமுள்ள வெந்நீரை நிரப்புக. முதற்புட்டியை வெறுமனே வைத்து, இரண்டாவதை உலர்ந்த பஞ்சாலும், மூன்றாவதை நனைத்த பஞ்சாலும் ஒரே கனத்திற்குச் சுற்றுக. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து, அரைமணி நேரம் வரை குறித்து வருக. உலர்ந்த பஞ்சு சுற்றிய புட்டியே நெடுநேரம் சூடாயிருக்கும். ஈரப்பஞ்சு சுற்றியது அதனினும் விரைவாகக் குளிர்ந்துவிடும். விசிறியால் வீசிக்கொண்டே சோதனையைத் திரும்பவும் செய்தால், காற்றின் தீங்கும் விளங்கும்.

இச்சோதனையை உதகையில் செய்யலாம், கழக்கூட்டத்திலும் செய்யலாம். கழக்கூட்டத்தில் உறைபனி இல்லையெனினும், இடவப்பாதி மழையிலும் துலாவர்ஷ மழையிலும் கூளம் நனைந்து கோழிகள் நோயுறுதல் உண்டு. ஆகவே மலைநாட்டிற்குக் குளிர்கால விதியாவது கடற்கரைக்கு மழைக்கால விதியாகின்றது. உலர்ந்த கூளம், தலைக்கு மேலே காற்றோட்டம், நிறைந்த தீனி ஆகிய இம்மூன்றும் பெரும் செலவின்றி எக்குடும்பத்தாராலும் செய்யத்தக்கவை. இவற்றைக் கடைப்பிடிப்போர் கோழிகளைக் குளிரிலும் மழையிலும் இழவாது காத்தல் கூடும்.